பிரபு கொடுத்த இரட்டைக் குழல்

பழைய துப்பாக்கிக்குப் பூர்வீகம் சொல்கிறவர் என்று ஒரு பிறவி உண்டு. பரணில் கிடந்த இரட்டைக் குழல் ஒன்றைக் கம்பளியில் சுற்றி எடுத்துக்கொண்டு நீங்கள் வாசலைத் தாண்டினால் போதும், ஊரின் எந்த மூலையில் இருந்தாலும் மோப்பம் பிடித்து வந்து நிற்பார். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் பூதக்கண்ணாடி தொங்கும். சட்டைப்பையில் குட்டி டார்ச் இருக்கும். கையை நீட்டிக் கேட்கமாட்டார், நீங்களாகக் கொடுக்கவேண்டும். கொடுத்ததும் துப்பாக்கியைப் பார்க்கமாட்டார். உங்களைப் பார்ப்பார். பிறகு குழலின் வாயை மூக்கருகே வைத்து முகர்ந்து, நெஞ்சு நிறைய ஒரு பெருமூச்சு விடுவார் பாருங்கள், அந்தப் பெருமூச்சிலேயே உங்கள் தாத்தாவின் மானம் பாதி போய்விடும். மிச்சம் அவர் வாயைத் திறந்ததும் போகும்.

சோள வயல்களுக்கு நடுவே இருக்கிற எங்கள் எல்ம்ஃபோர்க் என்ற சின்ன ஊரில் அந்தப் பிறவியின் பெயர் மெர்ல் ஹாவர்காம்ப். காலமெல்லாம் விதைச் சோளம் விற்றுவிட்டு ஓய்வு பெற்றவர். விதை விற்கும்போது எந்தச் சோளத்தையும் குறை சொல்லத் தெரியாத மனிதர், ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து எந்தத் துப்பாக்கியையும் நிறை சொல்லத் தெரியாதவராக ஆகிப்போனார். அடக்கி வைத்ததெல்லாம் எங்கேயாவது வெளியே வரவேண்டுமே!

அவர் தர்பார் கூடும் நாள் ஒன்று உண்டு. ஃபெசன்ட் என்கிற காட்டுக்கோழியின் வேட்டைக் காலம் திறக்கும் சனிக்கிழமை. அன்று கிழக்கு வெளுக்கும் முன்பே ஊர் முழுக்க எங்கள் லூத்தரன் சர்ச்சின் அடித்தளக் கூடத்தில் கூடிவிடும். வேட்டைக்கென்று ஆரஞ்சு நிறச் சட்டை போட்டவர்கள் வரிசையில் நின்று பான்கேக்கும் சாசேஜும் வாங்கிக்கொண்டு, கழுவின தண்ணீர் போன்ற காபியை ஆளுக்கு நாலு கோப்பை குடித்துவிட்டு, வெளிச்சம் வந்ததும் சோளத்தட்டைக்குள் இறங்குவார்கள். கூடத்தின் கோடியில் ஒரு நீள மேஜை. அதற்குத் ‘தாத்தா துப்பாக்கி மேஜை’ என்று பெயர். வீட்டுப் பழைய துப்பாக்கியைக் கொண்டுபோய் வைக்கலாம். மெர்ல் பூர்வீகம் சொல்வார். தீயணைப்பு வண்டி நிதிக்கு உண்டியலில் ஏதாவது போடவேண்டும். சொந்தத் தாத்தாவை நாலு பேர் முன்னால் அவமானப்படுத்துவதற்குக் காணிக்கையும் கொடுக்கிற ஊர் எங்கள் ஊராகத்தான் இருக்கும்.

“மெர்லண்ணே, எங்க தாத்தா இத வச்சு ஓநாய் சுட்டாராம்” என்பான் ஒருத்தன், ஆசையாக.

“இத வச்சு ஓநாய அடிச்சிருக்கலாம். சுட்டிருக்க முடியாது.”

“பேர் பொறிச்சிருக்கே அண்ணே, பெரிய கம்பெனி மாதிரி?”

“கம்பெனியாவது கத்திரிக்காயாவது! பெல்ஜியத்துல பெட்டி பெட்டியா செஞ்சு கப்பல்ல ஏத்துனது. இங்க இரும்புக்கடைக்காரன் என்ன பேரு கேட்டானோ அந்தப் பேரக் குத்தி அனுப்புவான். அவன் பொண்டாட்டி பேரக் கேட்டிருந்தா அதையும் குத்தியிருப்பான்.”

“அடியில கிரீடம் இருக்கே?”

“ராஜா கிரீடம்னு நெனச்சியா? சோதனை போட்ட ஆளு வச்ச முத்திரைப்பா அது. முட்டையில குத்துறாங்கல்ல, அந்த மாதிரி.”

“அப்ப இந்தப் பதினெட்டு புள்ளி நாலு? வருஷம்தானே?”

இந்தக் கேள்விக்காகத்தான் மெர்ல் காத்திருப்பார். பூதக்கண்ணாடியை இறக்கிவிட்டு, கூடம் முழுக்கக் கேட்கும்படி சிரிப்பார். “எல்லா முட்டாளும் அதத்தான் கேக்குறான்! குழாயோட வாய் அகலம்டா, மில்லிமீட்டர்ல. ஆணியில மாட்டு. இல்லைன்னா மேல ஒரு பல்பப் போட்டு விளக்காக்கிக்கோ.”

இதில் எரிச்சலூட்டும் விஷயம் என்ன தெரியுமா? அவர் சொல்வது அத்தனையும் உண்மை. ஒரு எழுத்து பிசகாது. விஷயம் தெரியாமல் உளறுகிறவனை மன்னித்துவிடலாம். விஷயம் தெரிந்தும் அதை அடுத்தவன் வீட்டுச் சாமானுக்கு மட்டும் பயன்படுத்துகிறவனை என்ன செய்வது?

ஏனென்றால், அதே மேஜையின் நட்டநடுவில், சிவப்பு வெல்வெட்டின் மேல், சுற்றிக் கயிறு கட்டி, அவருடைய சொந்தத் துப்பாக்கி படுத்திருக்கும். பக்கத்தில் ஒரு அட்டை. கொள்ளுத்தாத்தா கெர்ஹார்ட் ஹாவர்காம்ப், பனிப்புயலில் வழி தவறிய விக்கம்ஹர்ஸ்ட் பிரபு என்கிற இங்கிலாந்துக் கனவானைத் தன் மண் வீட்டில் வைத்துக் காப்பாற்றியதாகவும், பிரபு நன்றியோடு தம் துப்பாக்கியைக் கழற்றிக் கொடுத்ததாகவும், ஆண்டு 1884 என்றும், இங்கிலாந்தின் தலைசிறந்த உருக்கு என்றும், இன்றைய தோட்டாவையும் தாங்கும் என்றும் அதில் எழுதியிருக்கும். மெர்லின் அப்பா இந்தக் கதையைச் சொன்ன காலத்தில் பிரபு ஓர் இரவுதான் தங்கினார். மெர்ல் கைக்கு வந்தபின் ஒரு வாரம் தங்கினார். சமீப காலமாகப் போகும்போது கண்ணீரும் விடுகிறார். ஹாவர்காம்ப் குடும்பம் கோடையில் ஒன்றுகூடும்போது போட்டுக்கொள்ளும் பனியனில் அந்தத் துப்பாக்கியும், அதன்மேல் ஒரு கிரீடமும் அச்சடித்திருக்கும். சின்னக் குழந்தைகள்கூட அந்தக் கிரீடத்தை மார்பில் சுமந்துகொண்டு தர்பூசணி தின்னும்.

துப்பாக்கியின் பக்கவாட்டில் ஒரு நாய் செதுக்கியிருக்கும். நாய் என்று சொன்னால்தான் நாய், சொல்லாவிட்டால் ஆடு. “பிரபு வளர்த்த இனம். இப்ப உலகத்துலயே இல்ல” என்பார் மெர்ல். யாரையும் தொடவிடமாட்டார். கையில் இருக்கும் உப்பு ஆகாதாம்.

கையில் உப்பா! உண்மைக் காரணம் வேறு. மனைவி தங்கை வீட்டுக்குப் போயிருந்த ஒரு குளிர்காலத்தில், சமையலறை மேஜையில் வைத்து அவர் அந்தத் துப்பாக்கியின் குழலுக்கு அடியில் இருக்கும் முன்கட்டையை உருவி, பூட்டைத் திறக்கும் நெம்பியைத் தள்ளி, குழலைக் கழற்றிக் கவிழ்த்துப் பார்த்திருக்கிறார். கிரீடம் இருந்தது. பதினெட்டு புள்ளி நாலு இருந்தது. மனிதர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு மூளை வேலை செய்தது. 1884ல் நடுவில் ஒரு எட்டு தேய்ந்து புள்ளியாகிவிட்டது! கிரீடமா? பிரபுவுக்குக் கிரீடம் இல்லாமல் உனக்கும் எனக்குமா இருக்கும்? குழலை மாட்டி, துடைத்து, வெல்வெட்டில் படுக்க வைத்தார். அதற்கப்புறம் அதைக் கழற்றியதேயில்லை.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த தர்பாருக்குள் சென்ற வருடம் லவோன் வந்தாள். அவளும் மெர்லும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்தவர்கள். இந்த வயதிலும் அறுவடை இயந்திரத்தைத் தானே ஓட்டுகிற பெண்பிள்ளை. இடுப்பில் சமையலறை ஏப்ரன், கையில் தலையணை உறையில் நுழைத்த ஒரு இரட்டைக் குழல், பின்னால் ஒமாஹா பட்டணத்திலிருந்து வந்திருந்த மாப்பிள்ளை கர்ட்டிஸ். இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை. போட்டிருந்த ஆரஞ்சுச் சட்டையில் கடையில் மடித்த மடிப்புகூடக் கலையவில்லை. பை நிறையப் புதுத் தோட்டா.

“மெர்லு, இது எங்கப்பாவோடது. பரண்ல கிடந்துச்சு, நேத்துதான் இறக்குனேன். மாப்பிள்ளை இன்னிக்கு இதத்தான் தூக்கிட்டுப் போவேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறாரு. சுடலாமா, கூடாதா? அத மட்டும் சொல்லு. பூர்வீகம் எல்லாம் வேணாம்.”

பூர்வீகம் வேண்டாமாம்! மெர்லின் முகம் சுண்டியது. மளமளவென்று குழலைக் கழற்றினார், கவிழ்த்தார், டார்ச் அடித்தார்.

“பெல்ஜியம். இரும்புக்கடைச் சரக்கு. இந்தா கிரீடம், முட்டை முத்திரை. இந்தா பதினெட்டு புள்ளி நாலு, வாய் அகலம். பேரு, சும்மா குத்துனது. இந்த நாயப் பாரு! நாயே பாக்காத எவனோ கூலிக்குச் செதுக்கியிருக்கான். ஆடு மாதிரி இருக்கு.”

“சுடலாமாய்யா?”

“சுடுறதா? குழாய் மேல சுருள் சுருளாத் தெரியுதுல்ல? இரும்புப் பட்டைய முறுக்குச் சுத்துற மாதிரி சுத்தி அடிச்சு ஒட்டுனது. அந்தக் காலத்துக் கரிமருந்துக்குச் செஞ்சது. இப்ப விக்கிற தோட்டாவப் போட்டா ஒருநாள் இல்லாட்டி ஒருநாள் பிளந்துக்கும். எங்க பிளக்கும்? இடது கை பிடிச்சிருக்கிற இடத்துல. சந்தேகம்னா டுவெய்னக் கேளு.”

அடுப்படியில் பான்கேக் திருப்பிக்கொண்டிருந்த டுவெய்ன், இதே மாதிரிக் குழல் ஒன்றை நம்பி இரண்டு விரலைப் பறிகொடுத்தவர், திரும்பாமலே இடது கையைத் தூக்கிக் காட்டினார்.

கர்ட்டிஸின் முகம் தொங்கிப்போயிற்று. லவோனுக்கோ போன உயிர் திரும்பி வந்தது. “அப்பாடா! நல்ல வேள கேட்டேன். புண்ணியமாப் போச்சு மெர்லு” என்று தலையணை உறையை விரித்தாள். விஷயம் அங்கே முடிந்திருக்கவேண்டும். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை மெர்லின் வாயால் ஒருவருக்கு நன்மை நடந்திருக்கும். ஆனால் உறைக்குள் நுழைக்கப் போன லவோனின் கை நின்றது. அவள் கயிற்றுக்கு அந்தப்பக்கம் பார்த்தாள்.

“இந்த ஆடு அங்கயும் இருக்கே?”

“எந்த ஆடு?”

“ஒன் துப்பாக்கியில. அதே ஆடுய்யா. அதே மாதிரி திரும்பிப் பாக்குது.”

“தொடாத லவோனு, கையில உப்பு...” என்று மெர்ல் எழுந்திருப்பதற்குள் அவள் கயிற்றைத் தாண்டிக் கையை விட்டாயிற்று. அப்பாவின் துப்பாக்கியைச் சின்ன வயதில் எத்தனையோ தடவை துடைத்தவள். முன்கட்டை ஒரு இழுப்பு, நெம்பி ஒரு தள்ளு, பிரபுவின் குழல் அவள் கையில் தனியாக வந்துவிட்டது. இரண்டு குழலையும் கவிழ்த்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். கிரீடம், கிரீடம். பதினெட்டு புள்ளி நாலு, பதினெட்டு புள்ளி நாலு. பான்கேக் தட்டோடு ஒவ்வொருவராக வந்து எட்டிப் பார்த்தார்கள். வாசலோரம் காபி கலக்கிக்கொண்டிருந்த பாஸ்டர்கூடக் கரண்டியை நிறுத்தினார்.

மெர்லுக்கு உள்ளங்கை வியர்த்தது. கண் முன்னால் பனியன்கள் வந்தன. கொள்ளுத்தாத்தா வந்தார், மண் வீடு வந்தது, புயல் வந்தது, கதவைத் திறந்தால் வெளியே ஒருவரும் இல்லை. ஐயோ பாவம் என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்குத் தோன்றவில்லை. இத்தனை வருடமாக ஊரான் தாத்தாக்களை ஆணியில் மாட்டியபோது இந்த மனிதருக்கு ஒருமுறை கூட உள்ளங்கை வியர்த்ததில்லை.

“ஜோடி!” என்று கத்தினார் மெர்ல்.

“என்னது?”

“ஜோடி, லவோனு! இங்கிலீஷ் பிரபு எவனும் ஒத்தத் துப்பாக்கியோட வேட்டைக்கு வரமாட்டான். ரெண்டு, ஒரே அச்சுல! ஒண்ணு சுடச்சுட இன்னொண்ண வேலைக்காரன் ரொப்பித் தருவான். ரெண்டாவது எங்க போச்சுன்னு நான் தேடாத இடம் இல்ல. ஒங்க வீட்டுப் பரண்ல இருந்திருக்கு!”

“இப்பதான் இரும்புக்கடைச் சரக்குன்னே?”

“வெளிச்சம் பத்தல.”

அடடா, வெளிச்சம் பத்தவில்லையாம்! யாரோ கை தட்டினார்கள். எங்கள் ஊரில் கை தட்டாமல் இருப்பது மரியாதைக்குறைவு. அதனால் எல்லோரும் தட்டினார்கள். கர்ட்டிஸுக்குத் தலைகால் புரியவில்லை.

“அப்ப எங்க வீட்டுதும் பிரபுவோடதா, மெர்லண்ணே?”

“பின்ன?”

“இங்கிலாந்து உருக்கு?”

“தலைசிறந்தது.”

கர்ட்டிஸ் குனிந்து அட்டையைப் படித்தான். கடைசி வரியை விரல் வைத்து வாய்விட்டே படித்தான். “‘இன்றைய தோட்டாவையும் தாங்கும்.’ அப்ப நான் இத வச்சு சுடலாம்ல?”

இதோ பாருங்கள், இந்த இடம். மெர்லின் கண்கள் அட்டைமேல் இருந்த விரலில் நின்றன. இடது கை. கல்யாண மோதிரம் போட்ட, பேனாவைத் தவிர வேறெதையும் தூக்காத, ரோஜா நிறக் கை. “கூடாது” என்று ஒரு வார்த்தை. நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் கூடாது என்றால் அட்டை பொய். அட்டை பொய் என்றால் பிரபு பொய். பான்கேக் தட்டுகளெல்லாம் காத்துக்கொண்டு நின்றன.

“தாங்கும்” என்றார் மெர்ல்.

சீ! ஒரு மனிதனின் ஐந்து விரலை, வராத ஒரு பிரபுவுக்காக விற்றுவிட்டார். டுவெய்ன் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். கர்ட்டிஸ் குழலை மாட்டிக்கொண்டு, பையில் தோட்டாக்களைக் குலுக்கியபடி மாடிப்படிக்கு நடந்தான்.

“மாப்ளே, கொஞ்சம் நில்லுங்க.” லவோன் ஏப்ரனை அவிழ்த்து நாற்காலியில் போட்டாள். “மெர்லு, நீ ஒன்னோடத எடுத்துக்கிட்டு வா. மொதல்ல நீ சுடு. ஜோடிதானே?”

“நானா? எதுக்கு?”

“மாப்பிள்ளை புதுசு. எப்படிப் பிடிக்கணும்னு பாத்துக்கட்டும்.”

“அத்தை, நானே...”

“நீங்க சும்மா இருங்க மாப்ளே. வாய்யா மெர்லு.”

பிரபுவின் குழலை லவோனே மாட்டி அவர் கையில் கொடுத்தாள். கூடமே படியேறியது. சர்ச்சின் பின்புறம், கார்கள் நிற்கும் இடம் முடிந்து அறுத்த சோளக்கட்டை ஆரம்பிக்கும் இடத்தில் மெர்லை நிறுத்தினார்கள். வானம் வெளுத்துக்கொண்டிருந்தது. கர்ட்டிஸ் பெருமையோடு இரண்டு தோட்டா எடுத்து அவர் கையில் வைத்தான். சிவப்பு நிறம், புத்தம் புதுசு.

“தோள்பட்டை சரியில்ல” என்றார் மெர்ல்.

“நேத்துத்தான் எங்க வீட்டு வேலிக்கு ஒத்தையாளா தூண் நட்டுக் குடுத்த” என்றாள் லவோன்.

“சர்ச்சு நிலத்துல சுடுறது தப்பு.”

எல்லோரும் பாஸ்டரைப் பார்த்தார்கள். பாஸ்டர் காபிக் கோப்பைக்குள் பார்த்தார். “நான் ஒண்ணும் பாக்கல மெர்ல். நீங்க சுடுங்க.”

மெர்ல் துப்பாக்கியை மடித்துத் திறந்தார். தோட்டாக்களை உள்ளே போட்டார். மூடினார். தோளுக்குக் கொண்டுபோனார். இடது கை குழலின் அடியில் போய்ப் பிடித்தது. அந்தக் கை குழலை விட்டு விலகி, மறுபடி போய்ப் பிடித்து, மறுபடி விலகியதைப் பின்வரிசையில் நின்றவர்கள்கூடப் பார்த்தார்கள். பக்கத்தில் நின்ற கர்ட்டிஸும் பார்த்தான். மெல்ல இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டான்.

துப்பாக்கி இறங்கியது. மெர்ல் அதைத் திறந்து, தோட்டா இரண்டையும் உருவினார்.

“இது சுடக்கூடாதது, லவோனு.”

“அதத்தானே உள்ள கேட்டேன்?” அவள் தோட்டாக்களை அவர் கையிலிருந்து எடுத்து மாப்பிள்ளையின் பையில் போட்டாள். “எங்க மாப்பிள்ளை கைன்னா தாங்கும், ஒன் கைன்னா தாங்காது. அப்படித்தானே?”

ஒருவரும் சிரிக்கவில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் அப்படிப்பட்ட சமயத்தில் சிரிக்கமாட்டார்கள். அதைவிட மோசமாக, மரியாதையாக நடந்துகொள்வார்கள். “குளிர் ஏறுது, காபி ஆறிரும்” என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் ஆமாம் ஆமாம் என்று இறங்கிப்போனார்கள். லவோன் தன் வண்டியிலிருந்து இந்தக் காலத்துத் துப்பாக்கி ஒன்றை எடுத்து மாப்பிள்ளையிடம் கொடுத்தாள். மெர்ல் கடைசியாக உள்ளே வந்தபோது டுவெய்ன் அவர் தட்டில் கேட்காமலே இரண்டு பான்கேக் வைத்தார். அந்த இடது கையால்தான் வைத்தார்.

மனிதர் அதோடு திருந்தியிருப்பார் என்கிறீர்களா? அப்படியானால் இந்தப் பிறவியைப் பற்றி நான் இவ்வளவு நேரம் சொன்னதெல்லாம் வீண்.

இந்த வருடமும் வேட்டை திறந்தது. மேஜை இருந்தது, வெல்வெட் இருந்தது, கயிறு முன்னைவிடத் தடிமனாக இருந்தது. அட்டை மட்டும் புதுசு. ‘இன்றைய தோட்டாவையும் தாங்கும்’ என்ற வரி போய், ‘ஜோடியில் ஒன்று’ என்ற வரி வந்திருந்தது. கயிற்றுக்குப் பின்னால் மெர்ல், பக்கத்து ஊரிலிருந்து வந்திருந்த யாரோ இருவரிடம் பேசிக்கொண்டிருந்தார். “போன வருஷம் இதே நாளு. பட்டணத்துப் பையன் ஒருத்தன், பழைய குழாயில புதுத் தோட்டாவப் போடப் போயிட்டான். நான் ஒரே பார்வைதான் பாத்தேன். ‘நிறுத்துடா!’ன்னேன். இன்னிக்கு அவன் கை அவன்கிட்ட இருக்குன்னா...” என்று மேலே கையைக் காட்டி அடக்கமாக நிறுத்தினார். அந்த இருவரும் உண்டியலில் தாராளமாகப் போட்டார்கள்.

சரி, கர்ட்டிஸ்? விரல் பிழைத்த மனிதன், எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தவன், அவனுக்காவது புத்தி வந்திருக்குமே? அந்தத் துப்பாக்கியை அவன் ஒமாஹாவுக்குக் கொண்டுபோய், மேலே பல்பு போட்டு, அழகான விளக்காக ஆக்கி, வரவேற்பறையில் நிறுத்தியிருக்கிறான். விருந்தாளிகள் கேட்டால், “என் மனைவியோட தாத்தாவுக்கு ஒரு இங்கிலீஷ் பிரபு குடுத்தது. பனிப்புயல்ல காப்பாத்தினாராம். ஜோடி. இன்னொண்ணு ஊர்ல இருக்கு” என்கிறானாம். லவோன் போன மாதம் அங்கே போயிருந்தபோது தன் காதாலேயே கேட்டிருக்கிறாள். வாயைத் திறந்தாளா என்று கேட்டேன். “பாவம், விளக்கு நல்லாத்தான் இருக்கு” என்றாள்.

நன்றாகச் சிரித்தீர்கள். சிரித்து முடித்திருந்தால், உங்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் இருக்கிறதே ஒரு வாளோ, வெள்ளிக் கூஜாவோ, சங்கிலிக் கடிகாரமோ, அது யார் கொடுத்தது என்றீர்கள்? கலெக்டர் துரையா, ராஜாவேதானா? ரொம்பச் சந்தோஷம். அதன் அடியைக் கவிழ்த்துப் பார்த்ததுண்டா? உண்டு. அதனால்தானே அலமாரியைப் பூட்டிச் சாவியை நீங்களே வைத்திருக்கிறீர்கள்.